சிவப்புக் கண் பெட்டி

வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் முதலில் சென்ற் போத்தல் வரும், பிறகு கைக்கடிகாரம் வரும், விஷயம் முற்றினால் சங்கிலி வரும். கொழும்பு வெள்ளவத்தையில் இதுதான் வழக்கம். தர்மினிக்கு மட்டும் ரொறன்ரோவிலிருந்து ஒரு கேமிங் லப்டொப் வந்து சேர்ந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து அதைச் சுமந்துவந்த தெரிந்த மனிதர், மூன்றாம் மாடிக்கு ஏறியதும் கதிரையில் தொப்பென்று விழுந்து, "தங்கச்சி, உள்ளுக்கை அம்மிக்கல்லோ வச்சு அனுப்பினவை?" என்று கேட்டார்.

அம்மா அன்னபாக்கியம் மகளின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கன்னங்கரேலென்று ஒரு சாமான். மூடியில் இரண்டு சிவப்புக் கண்கள். தர்மினி பொத்தானை அழுத்தியதும் கண்கள் எரிந்தன, பின்பக்கத்து ஓட்டைகளால் உஸ்ஸென்று காற்று வந்தது.

"ஐயோ பிள்ளை, இதென்ன பூதமே?"

ஆனால் மாப்பிள்ளை வீட்டுச் சாமான் அல்லவா, பூதமானாலும் மரியாதை உண்டு. தர்மினி குசினிக்குப் போய்த் தேத்தண்ணியோடு திரும்புவதற்குள் இரண்டு கண்களுக்கும் நடுவே சந்தனமும் குங்குமமும் ஏறிவிட்டன.

"அம்மா! இதிலை பொட்டு ஒண்டும் வைக்கக் கூடாது. பழுதாப் போயிடும்."

"சரி, இனிப் பொட்டு வைக்கேல்லை," என்றார் அன்னபாக்கியம். சொன்ன சொல் தவறாத மனுஷி அவர். தர்மினியும் அதை நம்பி நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தாள்.

தர்மினி கொள்ளுப்பிட்டியில் ஒரு மென்பொருள் கம்பனியில் டெஸ்ரர். அடுத்தவர் செய்த வேலையில் பிழை பிடித்து, அதை அவர்கள் மனம் நோகாமல் எழுதிக் கொடுப்பதுதான் உத்தியோகம். வந்த மாப்பிள்ளைகளையும் அவள் இப்படியே பார்த்துத் தள்ளுகிறாள் என்று அன்னபாக்கியத்துக்கு நெடுநாள் குறை. ரொறன்ரோ ஜெயரூபனில் மட்டும் அவளால் பிழை பிடிக்க முடியவில்லை. முதல் முறை தொலைபேசியில் கதைத்தபோதே, "நான் கேம் விளையாடுற ஆள், பிறகு சொல்லேல்லை எண்டு சொல்லப்படாது" என்று ஒப்புக்கொண்டவன் அவன். லப்டொப்பை அனுப்பிய கையோடு ஒரு மின்னஞ்சலும் போட்டிருந்தான். "நீங்கள் டெஸ்ரர்தானே. டிசைன், செற்றப், கூலிங், அன்றாடப் பாவனை, எல்லாத்தையும் பாத்து ஒரு றிவியூ எழுதுங்கோ. எனக்காகப் பொய் எழுத வேண்டாம்." சேலை அனுப்பியிருந்தால் வடிவாயிருக்கிறது என்று இரண்டு சொல் எழுதி முடித்திருப்பாள். இது அவளை விழுத்திவிட்டது.

அவளும் வஞ்சகமில்லாமல் எழுதினாள். பெயர்தான் மடிக்கணினி, மடியில் வைத்தால் கால் விறைத்துப் போகிறது. திரை பெரிது, நிறங்கள் அருமை. சிவப்புக் கண்களை மட்டும் அணைத்துவைக்க வழியுண்டா என்று அம்மா கேட்கிறார். கனடா பிளக் எங்கள் வீட்டுச் சுவரில் நுழையாது, அடப்டருக்காகக் காலி வீதியில் கடை கடையாய் ஏறி இறங்கினேன், மற்றதெல்லாம் ஒரு காலைப் பொழுதுக்குள் முடிந்தது. கந்தோர்க் கோப்புகள் கண் மூடித் திறக்குமுன் திறக்கின்றன. கார் ஓட்டும் கேம் வழுக்கிக்கொண்டு போகிறது, நான்தான் மதிலில் போய் மோதுகிறேன்.

கூலிங் என்ற இடத்தில் கை நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், அதாவது அங்கே சனி இரவில், இரண்டு வீட்டாரும் ஸ்கைப்பில் முகம் பார்த்துக் கதைப்பது என்று ஏற்பாடு. முதல் ஞாயிறு அரை மணித்தியாலம் நன்றாகப் போனது. பிறகு உள்ளே இருந்த காற்றாடிகள் இரண்டும் ஊளையிட்டன, பெட்டி சூடேறிப் பட்டென்று நின்றது. அடுத்த ஞாயிறு கால் மணித்தியாலம்கூடத் தாங்கவில்லை. மூன்றாம் ஞாயிறு ஜெயரூபனின் அம்மா சரோஜினிதேவி கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, "பிள்ளைக்குச் சமைக்கத் தெரியுமோ?" என்று கேட்டார். திரை இருண்டது.

தர்மினி உடனே தொலைபேசி எடுத்து விளக்கம் சொன்னாள். ஜெயரூபன் நம்பினான். சரோஜினிதேவி நம்பவில்லை. "ரெண்டு காத்தாடி வச்ச மிஷின் எண்டு மாசக்கணக்காப் பாத்து வாங்கினவன். அது ஏன் நிக்குது? பெட்டைதான் நிப்பாட்டுது. விருப்பமில்லையெண்டால் வாயாலை சொல்லலாமே" என்று அவர் பின்னால் நின்று சொன்னது தொலைபேசியில் தெளிவாகக் கேட்டது.

"வாற ஞாயிறு அம்மா கடைசியா ஒருக்கால் கதைச்சுப் பாக்கிறாவாம்," என்றான் ஜெயரூபன். "அதிலையும் நிண்டால்..."

தர்மினிக்கு அன்று சோறு இறங்கவில்லை. இவன்தான் வேண்டும் என்று மனம் எப்போதோ முடிவெடுத்துவிட்டது, அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது. சரோஜினிதேவியை அவள் இன்னும் "அன்ரி" என்றே கூப்பிட்டாள். மாமி என்பது நாள் குறித்தபின் வருகிற சொல். அதற்கு முன் சொன்னால், பெட்டைக்கு என்ன அந்தரம், என்ன அவசரம் என்று ஒரு கதை வரும். அந்தச் சொல் வாய்க்குள்ளேயே செத்துப் போய்விடுமோ என்று பயந்தாள்.

அந்தக் கிழமை முழுவதும் சோதனைதான். ஜன்னலைத் திறந்து பார்த்தாள், மின்விசிறியை நேரே திருப்பிப் பார்த்தாள், கேமை நிறுத்திப் பார்த்தாள். அடியால் காற்றுப் போகட்டும் என்று இடியப்பத் தட்டுகளைக் கவிழ்த்து அவற்றின்மேல் பெட்டியை ஏற்றினாள். ஒன்றும் பலிக்கவில்லை. முன்னைவிடக் கெதியாய் நின்றது. அன்னபாக்கியம் கதவடியில் நின்று, "ஆரின்ரையோ கண் பட்டிட்டுது பிள்ளை" என்று கையைப் பிசைந்தார்.

"கழட்டித்தான் பாக்க வேணும் அம்மா."

"மாப்பிள்ளை வீட்டுச் சாமானைக் கழட்டுறதோ? வாயைக் கழுவு!"

ஆகவே சனிக்கிழமை, கந்தோரில் வேலை என்று சொல்லிவிட்டு, பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினாள். அவளோடு வேலை செய்கிற மரியகொறற்றியின் வீடு அங்கேதான். அவளிடம் சின்னதும் பெரிதுமாக ஸ்குறூ டிறைவர்கள் இருந்தன, முக்கியமாக அன்னபாக்கியம் இல்லை.

வழியில் சோதனைச் சாவடி. எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடந்தார்கள். சண்டை நடந்த அந்த நாட்களில் லப்டொப் கொண்டுபோகிறவர் அதை அங்கேயே போட்டுக் காட்ட வேண்டும். கணினிதான், வேறொன்றுமில்லை என்று அது தானே எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். தமிழர் நிறைந்த வெள்ளவத்தை விலாசம் வேறு. தர்மினி பெட்டியை மேசையில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். சிவப்புக் கண்கள் எரிந்தன. இளம் சிப்பாய் ஓரடி பின்வாங்கினான். காற்றாடிகள் ஊளையிட்டன. அவன் மெல்லக் கிட்ட வந்து, பின்பக்கத்து ஓட்டையடியில் கையை நீட்டி, பிறகு குனிந்து மோந்து பார்த்தான். முகம் மலர்ந்தது.

"நங்கி, மேக்கே கோவிலே சுவந்த எனவா நே?"

இதில் கோவில் வாசம் வருகிறதே தங்கச்சி என்கிறான். தர்மினியும் குனிந்து மோந்தாள். உண்மைதான், திருநீற்று வாசம்! வீட்டில் தலையணையிலும் அந்த வாசம், திரைச்சீலையிலும் அந்த வாசம், அம்மாவிலும் அந்த வாசம். அங்கே வைத்துத் தலைகீழாய் நின்று சோதித்தாலும் மூக்குக்குத் தெரிந்திராது. சிப்பாய் சிரித்துக்கொண்டே "யன்ன, யன்ன" என்று போகச் சொல்லிக் கையசைத்தான். அவன் சிங்களத்தில் சொன்னதை அம்மாவுக்கு எப்படித் தமிழில் சொல்வது என்று யோசித்தபடியே அவள் பஸ்ஸில் ஏறினாள்.

கொட்டாஞ்சேனையில் மரியகொறற்றி பெட்டியைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள். "இந்த ஸ்டிக்கரக் கிழிச்சா வொறன்ரி போயிரும். கிழிக்கவா?"

"கிழி," என்றாள் தர்மினி. வொறன்ரி போனால் போகட்டும், மாப்பிள்ளை போகக் கூடாது.

அடிமூடி கழன்றது. மரியகொறற்றி வாயில் கை வைத்தாள். "என்ன தர்மி இது, லப்டொப்பா அடுப்பா?"

காற்றாடிகளின் இதழ்களிலும், சூட்டை வெளியே தள்ளுகிற செப்புத் தகடுகளின் இடுக்குகளிலும் சாம்பல் அப்பிக் கிடந்தது. மேலே கிடந்தது மங்கிய சாம்பல் நிறம், நல்லூர்க் கோவில் திருநீறு. அன்னபாக்கியம் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வரும்போது கொண்டுவந்தது. அதன்பின் சண்டையில் பாதையைப் பூட்டிவிட்டார்கள், அவரும் திரும்பிப் போக முடியவில்லை, திருநீறும் இனி வராது. அடியில் ஒட்டியிருந்தது வேறு. வெள்ளை வெளேரென்று, சந்தன வாசத்தோடு. இப்படி ஒன்று எங்கள் வீட்டில் இல்லையே என்று தர்மினி யோசித்தாள், ஆனால் அப்போது அதற்கு நேரமில்லை. மரியகொறற்றியின் முகப்பவுடர்த் தூரிகையால் இருவரும் அடியோடு துடைத்தார்கள். திருநீற்றைக் குப்பையில் கொட்ட மனம் வரவில்லை. பேப்பரில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அந்தப் பொட்டலத்தை மேசையில் விரித்தாள். அன்னபாக்கியம் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"பொட்டுத்தானே வைக்க வேண்டாமெண்டனி?"

"அம்மா!"

"மூடியிலை பூசினால் நீ துடைச்சுப்போடுவாய். அதான் பின்னாலை ஓட்டைக்குள்ளை போட்டனான். முதல் நாள் ஒரு சிட்டிகைதான். பிறகு நிக்க நிக்க, கண் திருஷ்டி கூடிப்போச்செண்டு நானும் கொஞ்சம் கூட்டிக் கூட்டி..."

தர்மினிக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தது. சாமித்தட்டில் இருந்த நல்லூர்ப் பொட்டலம் கண்ணில் பட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. அது பாதிக்குமேல் காலி. பக்கத்து வீட்டு மனுஷி பிள்ளையின் பள்ளிக்கூடச் சோதனைக்கு என்று ஒரு சிட்டிகை கேட்டபோதுகூடக் கொடுக்காமல் பொத்திவைத்த பொட்டலம் அது. அவள் தாயைக் கட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு எனக்குப் பூசிவிடுங்கோ. அதுக்குப் பூச வேண்டாம்."

ஞாயிறு விடிந்தது. தர்மினியின் நெற்றியில் மூன்று திருநீற்றுக் குறி. லப்டொப் இடியப்பத் தட்டுகளின்மேல். அன்னபாக்கியம் திரையில் படாத ஓரத்தில், கைகள் தானாக எழும்பிவிடாதபடி அவற்றின்மேலேயே அமர்ந்திருந்தார். அந்தப் பக்கம் ஜெயரூபன் நகத்தைக் கடித்தான். சரோஜினிதேவி எடுத்த எடுப்பில் கேட்டார்.

"என்ன பிள்ளை, இண்டைக்காவது நிப்பாட்டாமல் கதைப்பீரோ?"

"நான் நிப்பாட்டேல்லை அன்ரி. உள்ளுக்கை தூசி அடைச்சிருந்தது. இப்ப துப்பரவாக்கிட்டன்."

அம்மாவைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு விருப்பமில்லை. ஆனால் சரோஜினிதேவி கெட்டிக்காரி.

"புத்தம்புது மிஷினிலை தூசியோ?"

ஜெயரூபன் தலை குனிந்தான். அப்போது ஓரத்திலிருந்து அன்னபாக்கியம் எழுந்துவந்து திரையை மறைத்துக்கொண்டு நின்றார்.

"தூசியில்லை. திருநீறு. நான்தான் போட்டனான். நல்லபடியா நடக்க வேணுமெண்டு ஒவ்வொரு கிழமையும் போட்டனான். பிள்ளையிலை ஒரு பிழையுமில்லை, பிழை என்னிலை."

சரோஜினிதேவியின் முகம் அசையவில்லை. எல்லாம் முடிந்தது என்று தர்மினி நினைத்தாள்.

"எந்தத் திருநீறு?" என்று கேட்டார் சரோஜினிதேவி.

"நல்லூர்."

"நல்லூரோ..." என்றார் சரோஜினிதேவி. குரல் இறங்கியிருந்தது.

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் புத்தி. ஆனால் டெஸ்ரருக்கு விடை கிடைக்காத ஒரு பிழையை அப்படியே விட்டுவிட முடியாது. தாயின் தோளுக்குப் பின்னாலிருந்து தர்மினி எட்டிப் பார்த்தாள்.

"ஆனா அன்ரி, ரெண்டு திருநீறு இருந்தது. அடியிலை ஒண்டு வெள்ளையா, சந்தன வாசத்தோடை. அது எங்கடை வீட்டிலை இல்லை."

ஜெயரூபன் மெல்லத் திரும்பித் தன் தாயைப் பார்த்தான். சரோஜினிதேவி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார்.

"பிளேனிலை போற சாமான்," என்றார். "அதுவும் சண்டை நடக்கிற நாட்டுக்கு. ஒரு சிட்டிகைதான் போட்டனான்."

"எங்கையம்மா போட்டனீங்கள்?"

"அந்தப் பெரிய ஓட்டைக்குள்ளைதான். வேறை எங்கை போடுறது?"

"அதைத்தானே நானும் யோசிச்சனான்!" என்றார் அன்னபாக்கியம். முதலில் சிரித்தது அவர்தான். பிறகு சரோஜினிதேவி சிரித்தார், சிரித்துச் சிரித்து இருமினார். அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கு அங்கே வேலை இருக்கவில்லை. இரண்டு அம்மாமாரும் கதிரையை இழுத்துப் போட்டு, நல்லூர்த் தேரில் தொடங்கி, புளிக்குழம்புக்கு வந்து, பாதை எப்போது திறக்கும் என்று பெருமூச்சு விட்டு, மறுபடி தேருக்குப் போனார்கள். தர்மினி பெட்டியின் அடியில் கை வைத்துப் பார்த்தாள். இளஞ்சூடுதான். ஓரத்தில் நின்றபடியே ஜெயரூபனின் கைத்தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள். "கூலிங்: ரெண்டு அம்மாமாரையும் தாங்குது. பாஸ்." அந்தப் பக்கம் ஓரத்தில் அவன் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பது தெரிந்தது.

ஆவணியில் நாள் பார்ப்பது என்று அம்மாமாரே பேசி முடித்தார்கள். விடைபெறும்போது சரோஜினிதேவி தர்மினியைத் தேடிக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இஞ்சை வரேக்கை அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு வராதையும். இஞ்சை வேறை ஒண்டு வாங்குவம்."

"இல்லை மாமி, அதை விட்டிட்டு வரமாட்டன்."

சொன்ன பிறகுதான் எந்தச் சொல் வாயில் வந்தது என்று அவளுக்கு உறைத்தது. அன்னபாக்கியம் திரும்பிப் பார்த்தார். ஜெயரூபன் சிரிப்பதை மறந்து நின்றான். சரோஜினிதேவி கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். தர்மினிக்கு முகம் கொதித்தது. இந்த லப்டொப் இப்போது பட்டென்று நின்றுவிடாதா என்று முதல் முறையாக ஆசைப்பட்டாள்.

அது நிற்கவில்லை.