ஒருக்களித்துப் படுத்த மீன்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பாகூர் திரும்பிய ஏகநாதன், பென்ஷனோடு ஒரு காற்று சிலிண்டரையும் கண்ணாடி முகமூடியையும் கொண்டுவந்திருந்தார். அவற்றை மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் போய்ச் சூரிய மீனைப் பார்க்காவிட்டால் கட்டை வேகாது என்று ஒரே பிடிவாதம். வாலே இல்லாமல் வண்டிச் சக்கரம் போல இருக்குமாம்.

"கரும்பு வெட்ட ஆளு வந்து காத்துக்கினு இருக்கு, இவருக்கு மீன் பாக்கணுமாம்" என்று முணுமுணுத்தபடி, புளிச்சோற்றுத் தூக்கோடு அவர் மனைவி கோகிலாம்பாளும் மணப்பட்டில் படகேறினாள். தனியாக விட்டால் மனுஷன் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை.

நடுக்கடலில் ஏகநாதன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தொப்பென்று விழுந்து மறைந்தார்.

சற்று நேரத்தில் படகோரம் பெரிதாக ஏதோ மிதந்து வந்தது. வண்டிச் சக்கரத்தளவு அகலம், வால் இல்லை. ஒருக்களித்துப் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்த அதன் மேல் ஒரு கடற்காக்கை உட்கார்ந்து, தோலில் ஒட்டியிருந்த பூச்சிகளைக் கொத்தியது.

படகுக்காரர் பச்சையப்பன் பதறிப்போய், ஏகநாதனை மேலே வரவழைக்கக் கயிற்றை இழுக்கப் போனார். கோகிலாம்பாள் கையமர்த்தினாள்.

"சும்மா இருப்பா. எங்க வூட்டு எருமையும் இப்டித்தான். காக்கா உண்ணி பொறுக்கும்போது தொந்தரவு பண்ணா கோச்சிக்கும்."

பூச்சிகள் தீர்ந்ததும் காக்கை பறந்தது. மீன் நிதானமாக நிமிர்ந்து ஆழத்தில் இறங்கியது. படகின் மறுபக்கம் ஏகநாதன் புஸ்ஸென்று தலையை நீட்டினார்.

"கீழ ஒன்னுமே இல்ல. இந்தக் கடல்ல சூரிய மீனே கெடையாது."

கோகிலாம்பாள் தூக்கைத் திறந்தாள்.

"மொதல்ல சாப்புடுங்க. அது இப்பதான் கீழ போச்சி, உங்களத் தேடிக்கினு."