மூன்று தட்டு

அந்தக் கட்டடத்தில் தண்ணீருக்கு நேரம் கிடையாது. அதுவாக மனம் வைத்து வந்தால்தான் உண்டு. வாசல் குழாயில் தண்ணீரை முதலில் பார்க்கிறவர், நான்கு மாடிக்கும் ஏறிப்போகும் பழைய இரும்புக் குழாயில் கரண்டியால் மூன்று தட்டு தட்ட வேண்டும். அடுத்த நிமிடம் மொத்தக் கட்டடமும் பக்கெட்டோடு கீழே நிற்கும். பொய்யாகத் தட்டினால் மன்னிப்பே இல்லை. விளையாட்டுக்குத் தட்டிய எலக்ட்ரீஷியனிடம் ஆறு மாதம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்று மதியம் நான்காவது மாடியில், அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, "வலி வந்துருச்சுடி" என்றதும் அந்தப் பதினாலு வயதுப் பெண்ணுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அப்பா லாரியோடு வெளியூரில். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டாள், வாசலுக்கு வந்துவிடும். மாடியிலிருந்து அம்மாவை யார் இறக்குவது? எதிர்வீடு பூட்டு. கீழ்வீட்டுத் தையல்கார அக்காவோ, பக்கெட் வரிசைச் சண்டைக்குப் பிறகு அம்மாவோடு பேசி நான்கு மாதம்.

கரண்டியை எடுத்தாள். டங், டங், டங்!

படபடவென்று கதவுகள் திறந்தன. செருப்புச் சத்தம், பக்கெட் இடிபடும் சத்தம். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கீழே இருபது தலைகள். குழாயில் ஒரு சொட்டு இல்லை.

"எவ அது தட்டுனது? கையில கெடச்சா தொலைஞ்சா!" தையல்கார அக்காவின் குரல்.

"நான்தான்க்கா! தண்ணி வரல! அம்மாவுக்கு வலி வந்துருச்சு!"

 இருபது பக்கெட்டும் ஒரே நேரத்தில் தரையில் விழுந்தன.

முதலில் மேலே வந்தது தையல்கார அக்காதான், தையல் மெஷின் நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு. அம்மாவை அதில் உட்காரவைத்து, புதுத்துணி ஒன்றால் இடுப்போடு சேர்த்துக் கட்டினார்.

"யாரோட துணிக்கா?"

"எவனோட பேன்ட்டுத் துணியோ! நீ பிடி!"

நான்கு பேர் தூக்கினார்கள். நாற்காலியின் முன்காலைப் பிடித்திருந்த எலக்ட்ரீஷியன் மூச்சு வாங்கினார். "நான் தட்டுனா ஆறு மாசம் தண்டனை. பாப்பா தட்டுனா மட்டும் எல்லாரும் ஓடி வர்றீங்களே!"

"வாய மூடிட்டுப் படியப் பாருய்யா!"

இரண்டாவது மாடித் திருப்பத்தில் அம்மா பல்லைக் கடித்தபடி, "என் பக்கெட்ட வரிசையில வச்சியாடி?" என்று கேட்டாள்.

"பிள்ளைய பெத்துட்டு வா அண்ணி, உன் பக்கெட்தான் முதல்ல!" என்று கத்தினார் தையல்கார அக்கா. சிரிப்பில் நாற்காலியே குலுங்கியது.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் வந்து, "தம்பி பொறந்திருக்கான், அம்மா நல்லா இருக்காங்க" என்றதும் அவள் பக்கத்திலிருந்த தையல்கார அக்காவிடம் திரும்பினாள்.

"அக்கா... பொய்யா தட்டிட்டேனே. என்னோட யாரும் பேச மாட்டாங்களா?"

தையல்கார அக்கா அவள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார். "தண்ணிக்கு மூணு. ஆளு வேணும்னா இனிமே அஞ்சு தட்டு. நம்ம கட்டடத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."