தகர டப்பா விளக்குகள்

தகர டப்பாவில் ஆணியால் ஓட்டை போட ஒரு வழி இருக்கிறது. வெறும் டப்பாவை அடித்தால் நசுங்கிவிடும். தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் ஒரு நாள் வைத்து, உள்ளே ஐஸ் கட்டியோடு அடித்தால் ஓட்டை அழகாக விழும். இதை ட்ரீனாவுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். சொல்லியே ஆகவேண்டிய இன்னொன்றைச் சொல்லாமல் விட்டதும் நான்தான்.

ட்ரீனா செப்டம்பரில்தான் டெட்ராய்ட்டிலிருந்து எங்கள் டி மாயின் நகரத்துக்கு வந்து என் பக்கத்து வீட்டில் குடியேறினாள். அவளை விட்டுப் பிரிந்த புருஷன் டக், மகள் கேஸியைக் கூட்டிக்கொண்டு மூன்று வருஷம் முன்பே இங்கே வந்துவிட்டான். அந்த நாட்களில் ட்ரீனா குடித்துவிட்டு வீடு அதிரக் கத்துவாளாம். பிள்ளை துணி அலமாரிக்குள் போய் ஒளிந்துகொள்ளுமாம். மறைக்காமல் அவளே சொன்னாள். குடியை விட்டு இரண்டு வருஷமாகிவிட்டது. ஆனாலும் ஒன்பது வயதுக் கேஸி அம்மாவைப் பார்க்கமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். பிள்ளைக்கு இஷ்டமிருந்தால்தான் சந்திப்பு என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

அக்டோபர் நடுவில் டக் போன் செய்தான். ஹாலோவீன் பண்டிகைக்குப் பிள்ளைகள் பேய் வேஷம் கட்டி, மிட்டாய் கேட்டு வீடு வீடாகப் போவார்கள் அல்லவா, அப்போது கேஸி அம்மா வீட்டுக்கும் வருகிறாளாம். வாசலோடு சரி, உள்ளே வரமாட்டாள். "வாசல்ல நிறைய அலங்காரம் இருக்குமா?" என்று கேட்டாளாம். இது நல்லபடியாக முடிந்தால் கிறிஸ்துமஸுக்கு ஒரு நாள் அனுப்புகிறேன் என்றான். இதை என்னிடம் சொல்லும்போதே ட்ரீனா என் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கடையில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு நாற்பது டாலர். பள்ளிக்கூட கேன்டீனில் தட்டுக் கழுவுகிறவளுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகுமா? வீட்டில் கிடந்ததையெல்லாம் இழுத்துப் போட்டோம்.

"குப்பையைக் கொண்டுபோய் வாசல்ல வைக்கிறேனே லொரெய்ன், பிள்ளை சிரிக்காதா?"

"பேய்க்கு எதுக்குடி புதுத்துணி? செத்தவங்க கடைக்கா போறாங்க?"

காலி பிளாஸ்டிக் பால் கேன்களில் கறுப்பு மையால் பல்லும் கண்ணும் வரைந்து, உள்ளே பழைய கிறிஸ்துமஸ் பல்புச் சரத்தைத் திணித்தோம். கிழிந்த படுக்கை விரிப்பு பேயானது. முட்டை அட்டையை வெட்டி வௌவால் செய்தோம். என் பழைய நீளக் காலுறைக்குள் செய்தித்தாளை அடைத்து ஒரு பெரிய சிலந்தி. தொப்பை சரிந்து அசிங்கமாக வந்தது. ட்ரீனா அதற்கு டக் என்று பேர் வைத்தாள்.

"கேஸி முன்னாடி உளறிடாத தாயே" என்றேன். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம் எல்லாவற்றையும் கட்டித் தொங்கவிட்டு ஏற்றிப் பார்த்தோம். பன்னிரண்டு தகர டப்பாக்களுக்குள் மெழுகுவர்த்தி. படியெல்லாம் புள்ளி புள்ளியாக வெளிச்சம். எனக்கே பொறாமையாக இருந்தது. மறுநாள் காலையிலேயே நான் என் மகன் வீட்டுக்குப் போய்விட்டேன். பேத்திகளுக்கு வேஷம் கட்டிவிடுவது வருஷா வருஷம் என் வேலை.

முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் திரும்பி வந்தேன். தெருவில் எல்லோரும் அலங்காரப் பூசணிக்காய்களைக் குப்பைத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ட்ரீனாவின் வாசல் மட்டும் ஜெகஜோதியாக இருந்தது. அட்டையில் செய்த சூனியக்காரித் தொப்பியோடு, மிட்டாய்க் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள்.

"வாடி! ஒத்தை ஆளா அத்தனையும் ஏத்திட்டேன். ஆமா, உங்க தெருக்காரங்களுக்கு என்ன கேடு? ஒரு வீட்டுலயும் அலங்காரத்தைக் காணோம்?"

எங்கள் ஊரில் பிள்ளைகள் மிட்டாய்க்கு வருவது முப்பதாம் தேதி, ஆறிலிருந்து எட்டு வரை. நான் சிறுமியாக இருந்ததிலிருந்து அப்படித்தான். மற்ற ஊர்களில் முப்பத்தொன்று என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இரண்டு வாரம் அவளோடு உட்கார்ந்து டப்பா டப்பாவாக ஆணி அடித்தேன், என் மரமண்டைக்கு அதைச் சொல்லத் தோன்றவே இல்லை. மூன்று வருஷம் இங்கே இருந்த டக்குக்கும் தோன்றவில்லை.

"ட்ரீனா... இங்க அது நேத்து."

"எது நேத்து?"

சொன்னேன். அவள் அழவில்லை. கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"நேத்து கதவைத் தட்டினாங்க" என்றாள்.

டெட்ராய்ட்டில் முப்பதாம் தேதி ராத்திரி ரவுடிப் பயல்களுடையது. வீட்டின்மேல் முட்டை வீசுவார்கள், குப்பைக்குத் தீ வைப்பார்கள். கேஸிக்காகச் செய்ததை யாராவது நாசமாக்கிவிடுவார்களே என்று, ட்ரீனா நேற்று ஐந்து மணிக்கே எல்லாவற்றையும் கழற்றி உள்ளே வைத்து, விளக்கை அணைத்துவிட்டு, விளக்குமாற்றோடு கதவுக்குப் பின்னால் காவல் இருந்திருக்கிறாள்.

"மூணு தடவை தட்டினாங்க லொரெய்ன். 'ஓடுங்கடா நாய்ங்களா, வெளியே வந்தேன்னா தொலைச்சுடுவேன்'னு கத்தினேன். கதவுல ஓங்கி அடிச்சேன். அப்புறம் படியில யாரோ தடதடன்னு ஓடுற சத்தம். நல்லா வேணும்னு நெனச்சேன்."

டக்கின் எண்ணை நான்தான் அழுத்தினேன். நடந்ததைச் சொன்னேன். அவன் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"தேதியை நானும் சொல்லியிருக்கணும்" என்றான். "நான் தெருவுல காருக்குள்ள இருந்தேன், எனக்கே கேட்டுச்சு. ட்ரீனா மறுபடி குடிக்க ஆரம்பிச்சுட்டாளோன்னு நெனச்சேன். கேஸிகிட்ட விளக்கிச் சொல்றேங்க. ஆனா நேத்து வந்ததுலேர்ந்து அவ துணி அலமாரிக்குள்ளதான் உக்காந்திருக்கா. சாப்பாட்டையே உள்ள குடுக்குறேன். ரவுடிப் பசங்கன்னு நெனச்சு அம்மா கத்தினாங்கன்னு சொன்னாலும், 'அது அம்மாவோட பழைய குரல்தான்பா, எனக்குத் தெரியும்'னுதான் சொல்லுவா. கிறிஸ்துமஸ் பேச்சை இப்ப எடுக்காதீங்க."

பக்கத்திலேயே இருந்ததால் ட்ரீனாவுக்கு எல்லாம் கேட்டது. போனை வைத்தேன்.

"உங்க ஊர்ல விளக்கு அணைச்சிருக்கற வீட்டுக்குப் பிள்ளைங்க போவாங்களா?" என்று கேட்டாள்.

"எந்த ஊர்லயும் போகமாட்டாங்க."



"கேஸிக்கு இருட்டுன்னா பயம், லொரெய்ன். சின்ன வயசுலேர்ந்தே" என்றாள். "நேத்து அந்த இருட்டுலயும் படியேறி வந்திருக்கா. மூணு தடவை தட்டியிருக்கா."

நான் டப்பாக்களை ஒவ்வொன்றாக ஊதி அணைக்க ஆரம்பித்தேன்.