ஒரே பதக்கத்துக்கு இருவர்

கட்டடப் பொறியியல் துறையில் அவர்கள் இருவரும் பேராசிரியர்கள், கணவன், மனைவி. ஒன்றாகப் படித்தவர்கள் என்பதால் வீட்டில் ‘வா, போ’தான். துறைக்குள் நுழைந்தால் மட்டும் ‘சார், மேடம்’. மாணவர்களுக்கு அது ஒரு வேடிக்கை.

அவன் கான்கிரீட்டில் விழும் விரிசல்களை ஆராய்பவன். அவளோ, பூமிக்கடியில் ஓடும் குடிநீர்க் குழாயின் சத்தத்தைக் கேட்டே எங்கே கசிகிறது என்று சொல்லிவிடுவாள். பதினோரு வருடம் தெருத்தெருவாக ஹெட்போனும் காதுமாக உட்கார்ந்ததில் ‘குழாய் ஜோசியக்காரி’ என்ற பட்டப்பெயர்தான் மிச்சம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், வெளியூரிலிருக்கும் பொறியாளர் கழகத்திடமிருந்து அவளுக்குத் தடித்த கவர் ஒன்று வந்தது. ஆண்டுக்கு ஒரே ஒருவருக்குத் தரும் பதக்கம் இந்த முறை அவளுக்கு. வகுப்பில் இருந்த கணவனுக்குச் செய்தி அனுப்பினாள். ‘அடிச்சிட்டே!’ என்று உடனே பதில் வந்தது.

பல்கலைக்கழக ஆண்டறிக்கைக்கு, ஆசிரியர்கள் வெளியில் பெற்ற விருதுகளின் பட்டியல் கேட்டிருந்தார்கள். அதற்கான படிவம் வாங்க அலுவலகத்துக்குப் போனாள். தட்டச்சர் அக்கா இன்னொரு கவரை நீட்டினாள்.

“சாருக்கும் அங்கேருந்தே வந்திருக்கு மேடம். வீட்டுக்குத்தானே போறீங்க, குடுத்துடுங்களேன்.”

கவர் மெலிசாக இருந்தது. உள்ளே ஒற்றைத் தாள். பிரித்துப் பார்க்கத் தேவையே இல்லை. அவனும் விண்ணப்பித்திருக்கிறான், வாயே திறக்கவில்லை.

வீட்டில் அவன் கேக் வாங்கி வைத்திருந்தான். “ஒட்டுக் கேக்கறதுக்கெல்லாமா பதக்கம் தர்றாங்க?” என்று மகள் அம்மாவைச் சீண்டினாள். சிரித்துச் சாப்பிட்டு முடித்து, மகள் தன் அறைக்குப் போகும்வரை காத்திருந்தாள். பிறகு தட்டு கழுவிக்கொண்டிருந்தவனிடம் கவரைக் கொடுத்தாள்.

கையைத் துடைத்துக்கொண்டு பிரித்துப் படித்தான். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, மறுபடி தட்டு கழுவத் திரும்பினான்.

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ போட்டிருக்கவே மாட்டே.”

“யாரு, நானா?”

“மூணு வருஷம் முன்னாடி அறிவியல் மன்றப் பரிசுக்கு நான் போட்டேன்னு தெரிஞ்சதும், உன் விண்ணப்பத்தை அனுப்பாம டிராயர்லயே வெச்சுட்டே. ஸ்டேப்ளர் தேடினப்போ பாத்தேன்.”

அந்தப் பரிசு அவனுக்குக் கிடைத்திருந்தது. வாங்கும் படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

“பாத்துட்டும் சும்மா இருந்தியா?”

“இருந்தேன். பரிசு மேல அவ்வளவு ஆசை. இப்ப அந்த போட்டோவைப் பாத்தாலே உறுத்துது.”

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “இப்ப உனக்கு சந்தோஷமா, இல்லையா? நெஜத்தைச் சொல்லு.”

“உனக்குக் கிடைச்சதுல சந்தோஷம்தான். எனக்குக் கிடைக்கலையேன்னு வயித்தெரிச்சலும் இருக்கு. ரெண்டும் சேர்ந்தே வருது, நான் என்ன பண்ண?”

அவன் மழுப்பியிருந்தால் சண்டை வளர்ந்திருக்கும். அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“நானும் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு உனக்காக ஒண்ணும் நான் விட்டுக்குடுக்கல. உன்கிட்ட தோத்துட்டா மூஞ்சியை எங்க வெச்சுக்கறதுன்னு பயம்.”

அவன் குழாயை நிறுத்திவிட்டுத் திரும்பினான். “அடிப்பாவி! மூணு வருஷமா உன்னைத் தியாகின்னு நெனச்சு உருகிட்டு இருக்கேன்!”

இருவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் அடுத்த இரண்டு நாள் அவன் முகம் தொங்கித்தான் கிடந்தது. அவள் தேற்றப் போகவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

விழாவுக்கு அவனும் போனான். அவள் மேடையேறியபோது பக்கத்து இருக்கைக்காரர் பேச்சுக் கொடுத்தார்.

“நீங்களும் பொறியாளரா?”

“ஆமா சார். நானும் இதுக்குப் போட்டேன், கிடைக்கல. அந்தம்மா தட்டிட்டுப் போயிட்டாங்க.”

“அடடா! பழக்கமா அவங்க?”

“நல்ல பழக்கம். எங்க வீட்லதான் இருக்காங்க.”

அவர் சிரித்த சிரிப்பில் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது.

ஊர் திரும்பும் ரயிலில் அவன் தன் விண்ணப்பத்தை எடுத்து அவளிடம் கொடுத்தான். அடுத்த ஆண்டுக்கு மறுபடி அனுப்பப் போகிறானாம். அவள் பேனாவை வாங்கி நாலு பக்கத்தை வேண்டாமென்று அடித்துத் தள்ளினாள். அதில் இரண்டு பக்கத்துக்காக, இறங்க வேண்டிய நிலையம் வரும்வரை அவன் சண்டை போட்டுக்கொண்டு வந்தான்.