துரையின் கோட்டையும் காமுவின் கஞ்சியும்

"ஜன்னல்னு வெச்சிருக்கேளே, முருங்கைக்காயை நீட்டினா வெளியில போகுமா? வர்றவா மூச்சுமுட்டி விழுந்தா யார் பதில் சொல்றது?" காமுவின் குரல் பவானிபூரில் நாலு வீட்டுக்குக் கேட்டது.

"அது அம்பு விடற ஜன்னல்டி" என்று கீழ்மாடியிலிருந்து அவள் கணவர் திருவேங்கடமும் கத்தினார்.

அவருடைய ஆபீஸ் துரை அயர்லாந்துக்காரர். தன் பூர்வீகக் கோட்டையின் வரைபடத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். திருவேங்கடம் அதை ஒரு கோடு விடாமல் பிரதியெடுத்து, வீடு கட்டும் ராஜமிஸ்திரியிடம் கொடுத்துவிட்டார். வீடு ஒடிசலாக நாலு மாடி எழும்பியது. சுழல்படியில் ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாது. வாசலுக்கு நேர் மேலே, மாடித் தரையில் ஓர் ஓட்டை. அது எதற்கென்று துரையிடம் கேட்கக் கூச்சம். காற்றுக்காக இருக்கும் என்று தானே தீர்த்துக்கொண்டார்.

காமு அந்த மாடி அறையைத்தான் மடியாகச் சமைக்க வசதியென்று தளிகை உள்ளாக்கினாள். தளிகை உள்ளில் ஓட்டை இருந்தால் அது கழுநீர் போகிற ஜலதாரையாகத்தானே இருக்கும்?

குடிவந்த மறுநாளே மகள் ஜலஜாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். இரண்டு வரன் தட்டிப்போய் இது மூன்றாவது. இதையும் விட்டால் ஊர் என்ன சொல்லும் என்கிற கவலையில்தான் காமுவுக்கு அத்தனை கோபம். அதே கோபத்தோடு, வடித்த கஞ்சியை ஓட்டையில் கவிழ்த்தாள்.

ராகுகாலத்துக்குப் பயந்து அரைமணி முன்னதாகவே வந்துவிட்ட பிள்ளையின் தகப்பனார், கிடர்பூர் ஸ்ரீனிவாசராகவன், கீழே வாசலில் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

கஞ்சி ஆறியிருந்தது, அதுவரை புண்ணியம். காமு படியிறங்கி ஓடினாள். முன்னால் அகப்பட்ட கணவரைத் தாண்ட முடியாமல் அவரையும் தள்ளிக்கொண்டே வந்தாள். அதற்குள் ஸ்ரீனிவாசராகவனின் நாமம் கரைந்து மூக்குவரை வந்துவிட்டது. இந்தச் சம்பந்தமே வேண்டாமென்று அவர் திரும்பினார். பின்னால் நின்ற சம்சாரம் ஜெயலக்ஷ்மி, தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"முப்பது வருஷமா நெனச்சுண்டே இருந்தேன், மாமி. உங்க கையால நடந்துது" என்றாள் அவள். "பொண்ணைக் கூப்பிடுங்கோ."

தை மாதம் கல்யாணம் நடந்தது. அதற்கு வந்த துரை வாசலில் அண்ணாந்து பார்த்தார். எதிரி வந்தால் தலையில் வெந்நீர் ஊற்றத்தான் அந்த ஓட்டை என்றார். இருநூறு வருஷமாகத் தங்கள் வீட்டில் அதை யாரும் சரியாக உபயோகித்ததில்லை என்று காமுவை மெச்சினார். சம்பந்தி மட்டும் கடைசிவரை கொல்லைவழியாகத்தான் வந்தார்.

சுழல்படியோடு மல்லுக்கட்ட முடியாமல் காமு அடுத்த தெருவில் வாடகைக்குப் போனாள். திருவேங்கடம் எட்டு நாள் தனியாகக் கோட்டையைக் காத்தார். ஒன்பதாம் நாள் பசி தாங்காமல் அவரும் காமுவின் வாடகை வீட்டுக்கே போய்விட்டார்.