கசக்கினால் கசக்காது

1

‘கசக்கவே இல்லையே. ஏன் கசக்கவில்லை?’

புட்டியில் மிச்சமிருந்த இலைச்சாற்றை நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த ஒலூச்சி, வாய்விட்டுச் சொல்லாமல் நினைத்தது இது. கதையை இதற்கு முன்பு, ‘எனுகு நகரத்தில் அன்று மழை’ என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். மழை எதற்கு?

இந்தக் கதை எனக்குக் குழம்பிலிருந்து கிடைத்தது. எனுகுவில் குடியிருந்த வருஷங்களில், பக்கத்து வீட்டில் ஒனுக்பு இலைக் குழம்பு கொடுத்தார்கள். கசப்பில் வேம்புக்கு அண்ணன் அந்த இலை. “கசக்கலையே?” என்றேன். சிரித்தார்கள். தண்ணீரில் போட்டுக் கசக்கிப் பிழிந்து, கசப்பு போன பிறகுதான் அது பானைக்குப் போகுமாம்.

கசக்கினால் கசக்காது. (தமிழ் எனக்குச் சும்மா கொடுத்த வரி. ஒலூச்சியின் மொழியில் இது செல்லாது.)

2

ஒலூச்சி ஆராய்ச்சி மாணவி. சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளுக்கு ஒனுக்பு சாறு புகட்டி, இரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறதா, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் ஏறுகின்றனவா என்று பார்த்தாள். வெள்ளணுக்கள் ஏறின. சர்க்கரை அசையவில்லை. சோதனை முடிந்து, எலிகளும் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த ஒரு சொட்டு.

நேரே சந்தைக்குப் போனாள்.

3

(இலை விற்பவளை அங்கே எல்லோரும் ‘மாமா எபுகா’ என்பார்கள், எபுகாவின் அம்மா என்று பொருள். அப்படியே எழுதினால் நீங்கள் அவளுக்கு மீசை வைத்துவிடுவீர்கள்.)

“எபுகாம்மா, அந்த இலைய என்ன பண்ணீங்க?”

“படிக்கிற புள்ள, உனக்கேது நேரம்னு நானே கசக்கிப் பிழிஞ்சு குடுத்தேன். நுரை அடங்குற வரைக்கும்! ஏன், குழம்பு கசந்துச்சா?”

“குழம்பு வைக்கலம்மா. எலிக்குக் குடுத்தேன்.”

“எலிக்கா! எலிக்கே இவ்ளோ வக்கணைன்னா, வரப்போற புருஷனுக்கு என்னடி வைப்ப?”

ஒலூச்சி சிரித்தாள். கண்ணில் நீர் திரண்டு... இல்லை. அவள் அழவில்லை. அழுதால் எனக்கு எழுதச் சுலபம், அவ்வளவுதான்.

தப்பு யாருடையது? பிழிந்த இலையையே பிறந்தது முதல் பார்த்த ஒலூச்சிக்கு, அது பிழிந்த இலை என்று எப்படித் தோன்றும்?

4

அவளுடைய பேராசிரியர் எனெபேயை முதலில் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவருக்கும் சர்க்கரை உண்டு. தினமும் காலையில் பச்சை ஒனுக்பு சாற்றை முகம் சுளிக்காமல் குடிப்பவர்.

“‘இலைகள் நன்கு கழுவப்பட்டன.’ ஆய்வேட்டுல இதை மட்டும் எழுது. பொய்யா இது?”

“பொய் இல்ல, ப்ரொஃப்.”

“அப்புறம் என்ன? தூசி போகக் கழுவுனியா, கசப்பு போகக் கழுவுனியான்னு எவன் கேக்கப் போறான்?”

“கேக்க மாட்டாங்க. இதைப் படிச்சிட்டு, வெள்ளணு ஏறும்னு பச்சையா அரைச்சுக் குடிப்பாங்க. இல்ல, சர்க்கரைக்கு உதவாதுன்னு நீங்க குடிக்கிறத நிறுத்துவீங்க. ரெண்டுக்கும் நம்மகிட்ட ஆதாரம் இல்லையே.”



“பிழிஞ்சதுன்னு எழுதினா இது ஆராய்ச்சி இல்ல, சமையல் குறிப்பு. மறுபடி முதல்லேர்ந்து செய்யணும். இந்த வருஷம் பட்டம் கிடையாது. உங்கப்பா விருந்துக்கு ஆடு வாங்கிட்டார்னு சொன்னியே?”

“மேயட்டும், ப்ரொஃப்.”

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுக்கிறாள். பட்டம், விருந்து, அப்பாவின் ஆட்டம். அவர் நன்றாகவே ஆடினார். இன்னொன்றில், பிழிந்த இலைதான் உண்மையான மருந்து என்று உலகமே அவளைக் கொண்டாடுகிறது. அந்த இலையைப் பற்றி எனக்கு அப்படி எதுவும் தெரியாது, அதையும் அடித்துவிட்டேன்.

அவளுக்குப் பட்டம் கிடைத்ததா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எனெபே கணினியை அவள் பக்கம் திருப்பினார். “ஒரே ஒரு வாக்கியம், மகளே,” என்றார். கெஞ்சுகிற குரல். கதை முடிய வேண்டுமே என்று நானும் அவர் பக்கம்தான் நின்றேன்.

ஒலூச்சி திரையைப் படித்தாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்னால முடியாது, ப்ரொஃப்.”