இரண்டு பக்கமும்

என்னை எதில் வேண்டுமானாலும் ஏமாற்றலாம், நான் ஆசையாகக் கேட்கும் கேசட்டில் மட்டும் ஏமாற்றக் கூடாது. 1996இல் எனக்கு இருந்த ஒரே கொள்கை அதுதான். அந்தக் கொள்கையின் பேரில்தான் கௌரிசங்கர் சாருக்கு அப்படி ஒரு காரியத்தைச் செய்தேன். நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

சரஸ்வதிபுரத்தில் சாரின் வீடு. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அங்கே மூன்று பேர் கூடுவோம். கட்டட அலுவலகம் ஒன்றில் வரைபடம் போடும் சார், டயர் கம்பெனியில் இன்ஜினியராக இருந்த கன்னடக்காரப் பையன் சுஹாஸ், பெண்கள் கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேப் பார்த்துக்கொண்டிருந்த மேதாவாகிய நான். சாரின் மனைவி மீனாக்ஷி மாமி காபி கொடுத்துவிட்டுத் தானும் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்வார்.

"இந்த வாரம் என்ன ஓடறது?" என்று சார் ஆரம்பிப்பார். அந்த வாரம் அவரவர் வீட்டு டேப்பில் ஓடிக்கொண்டிருந்த கேசட்டை எடுத்து வைக்க வேண்டும். அதிலிருந்து ஒன்றைப் போட்டுக் காட்ட வேண்டும். பிறகு கேசட்டுகளை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய், அடுத்த ஞாயிறு வந்து அதைப் பற்றிப் பேச வேண்டும். பிடிக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம், கேட்காமல் மட்டும் வரக் கூடாது. விதியைப் போட்டவர் சார்.

அவர் கேட்பது என்றால் அப்படிக் கேட்பார். சுஹாஸ் கொண்டு வருவதெல்லாம் கிடார் அலறும் வெளிநாட்டுச் சரக்கு. நாகஸ்வரத்தில் ஊறிய மனுஷர் இரண்டு வருஷம் முன்பு அதில் ஒன்றை ஒரே வாரத்தில் ஆறு தடவை கேட்டுவிட்டு வந்து, மூன்றாவது பாட்டில் டிரம்ஸ்காரர் எந்த இடத்தில் அவசரப்பட்டார் என்று சொன்னார். சுஹாஸ் வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்துவிட்டு ராத்திரியே எனக்கு போன் செய்தான். "ஹௌது மேடம், சார் சொன்னது கரெக்டு" என்றான்.

அப்பேர்ப்பட்டவர்தான் என் சாரங்கி கேசட்டில் கையும் களவுமாக மாட்டினார். தேவராஜ அரசு ரோட்டில் வாங்கிப் பதினோரு நாள் வேறு எதையும் போடாமல் கேட்ட கேசட் அது. பாத்திரம் தேய்க்கும்போது கேட்டேன், ரெக்கார்டு நோட்டு திருத்தும்போது கேட்டேன், ஒரு நாள் காரணமே தெரியாமல் அழுதேன். அதைச் சாரிடம் கொடுத்துவிட்டு, அவர் வாயிலிருந்து என்ன வரப் போகிறது என்று ஒரு வாரம் காத்திருந்தேன்.

"மனிதக் குரலுக்கு மிக அருகில் நிற்கிற வாத்தியம். மூன்று மரபுகளின் சங்கமம்" என்றார் சார்.

கேசட்டின் உள்ளே இருந்த காகிதத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்த அதே இரண்டு வாக்கியங்கள். எனக்கு மனப்பாடம். வீட்டுக்கு வந்து கேசட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நான் பி பக்கம் பாதியில் நிறுத்திக் கொடுத்திருந்தேன். இரண்டு சக்கரத்திலும் நாடா அப்போது இருந்த அளவிலேயே இருந்தது. மனுஷர் மெஷினில் போடவே இல்லை.

பிடிக்கவில்லை என்றால் சொல்லியிருக்கலாம், நேரமில்லை என்றாலும் சொல்லியிருக்கலாம். என்னைப் பார்த்தால் காகிதத்தைப் படித்து ஒப்பிக்கலாம் என்றா தோன்றிற்று?

என்னிடம் ஒரே வீணை கேசட் இரண்டு பிரதி இருந்தது. ஒன்று நான் வாங்கியது, மற்றது கல்லூரி விழாவில் கொடுத்தது. அழிக்க முடியாதபடி கேசட்டின் முதுகில் இரண்டு ஓட்டைகள் வைத்திருப்பார்கள். அவற்றை செல்லோ டேப்பால் ஒட்டி மூடினேன். வெளிச் சத்தம் பதியாமல் இருக்க மைக் துளையில் ஒயர் இல்லாத ஒரு வெறும் பின்னைச் செருகிவிட்டு ரெக்கார்டு பட்டனை அமுக்கினேன். நான் குழம்பு வைத்து முடிப்பதற்குள் ஒரு பக்கம் வீணை துடைத்துப் போயிற்று, அப்பளம் பொரித்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் மறுபக்கம். பிறகு செல்லோ டேப்பை உரித்தேன். லேபிள் அப்படியே இருந்தது, உள்ளே ஒரு மீட்டு கிடையாது. கேசட் பெட்டிக்குள் இருந்த காகிதத்தையும் எடுத்துவிட்டேன். வந்து என்ன கதை விடுகிறார், பார்த்துவிடலாம் என்று இருந்தேன்.

அந்த ஞாயிறு அதை அவர் கையில் கொடுத்தபோது, "சார், இதைக் கண்டிப்பா கேக்கணும்" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையாட்டினார்.

அடுத்த ஞாயிறு நல்ல பிரதியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். அவர் வீணையைப் புகழ வேண்டும், நான் அந்தக் கேசட்டை வாங்கி எல்லார் முன்னாலும் ஓட விட வேண்டும், பிறகு பையிலிருந்து நிஜக் கேசட்டை எடுத்துப் போட வேண்டும். பேச வேண்டியதையெல்லாம் ஆட்டோவிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கதவைத் திறந்த மாமி, "அவர் மனசே சரியில்லை மேதா. நான் அக்காவாத்துக்கு நஞ்சன்கூடு போயிட்டு நேத்திக்குத்தான் வந்தேன். வந்ததுலேர்ந்து பேஜாரா உக்காந்துண்டிருக்கார்" என்றார்.

கேசட் டெக் இருந்த மேஜையில் இப்போது மணிபிளான்ட் பாட்டில் இருந்தது. கூடத்தின் நடுவில் இரண்டு அட்டைப்பெட்டிகள் நிறைய கேசட்டுகள். சுஹாஸ் ஒன்றும் புரியாமல் பெட்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"வேணுங்கறத எடுத்துக்கோங்கோ. மீதிய யாருக்காவது குடுத்துடலாம். இனிமே எனக்கு எதுக்கு?" என்றார் சார்.

"யாக்கே சார், என்ன ஆச்சு?" என்றான் சுஹாஸ்.

சார் எங்கள் இருவரையும் எதிரில் உட்காரச் சொன்னார். அவர் எப்போதும் எங்கள் முகத்துக்கு நேரே உட்காருவார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"ஒரு வருஷமாவே காது போயிண்டிருக்கு. நரம்புல கோளாறுன்னார் டாக்டர். கீச்சுனு இருக்கற சத்தமெல்லாம் முதல்ல போச்சு. மேதா குரல்கூட பாதி உதட்டைப் பாத்துதான் புரிஞ்சுக்கறேன். பழைய கேசட்டெல்லாம் பரவாயில்லை, கொஞ்சம் காதுல விழும், மீதியை ஞாபகம் பாடிடும். புதுசுக்கு அந்த உதவி கிடையாது." அவர் என் பக்கம் திரும்பினார். "அதனாலதான்மா உன் சாரங்கிய நான் போடவே இல்லை. பேப்பரைப் படிச்சு ஒப்பிச்சேன். உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு உன் மூஞ்சியப் பாத்தே புரிஞ்சுண்டேன். விதிய வெச்சவனே அப்படிப் பண்ணிருக்கப்படாது. மன்னிச்சுக்கோ."

நான் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"இந்த வீணையவாவது ஒழுங்கா கேட்டு உன்கிட்ட உண்மையச் சொல்லணும்னு செவ்வாக்கிழமை உக்காந்தேன். வீணை கீழ் ஸ்தாயிலதானே நிறைய பேசும், கேக்கும்னு நினைச்சேன். வால்யூம் முழுக்க வெச்சேன். ரெண்டு பக்கமும் ஓடித்து. மூணு தடவை ஓட விட்டேன். ஒண்ணுமே இல்லை, மேதா. ஒரு தந்தி கேக்கலை."

"வேற ஏதாவது போட்டுப் பாத்திருக்கலாமே" என்று மாமி அழ ஆரம்பித்தார்.

"தெரிஞ்ச பாட்டைப் போட்டா கேக்கத்தான் செய்யும், மீனாக்ஷி. அது காதா ஞாபகமான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது? புதுசு ஒண்ணுதான் சரியான பரீட்சை. அதுல தேறலை. போறும்."

ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் என் கை கைப்பைக்குள் போயிற்று. ஒரே மாதிரி லேபிள் உள்ள நிஜக் கேசட் உள்ளே இருந்தது. யாரும் பார்க்காமல் மாற்றிவிட்டு, "இன்னொரு தடவை போட்டுப் பாக்கலாம் சார்" என்று சொன்னால் முடிந்தது. அவருக்குக் காது திரும்பக் கிடைத்த மாதிரி இருக்கும், எனக்கும் மானம் போகாது. நன்றாகவே செய்திருப்பேன். ஆனால் அந்த மனுஷர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார்.

"சார், அது காலி கேசட்" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. நான் குனிந்துகொண்டு சொன்னதால் உதடும் தெரிந்திருக்காது. "என்னம்மா?" என்றார்.

"காலி கேசட், சார்."

"ஜாலியா? எது?"

என் குரல் பிறவியிலேயே கீச்சுக் குரல். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினேன். "அதுல வீணையே இல்லை சார். நான்தான் அழிச்சேன். நீங்க கேக்கறேளா இல்லையான்னு பாக்கறதுக்காக வேணும்னே அழிச்சுக் குடுத்தேன்." பக்கத்து வீட்டு ஜன்னலில் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

சுஹாஸ் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. மாமி முந்தானையை வாயிலிருந்து எடுக்கவில்லை. சார் மட்டும், "ரெண்டு பக்கமுமா?" என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

"மீனாக்ஷி, அந்த டெக்கை எடுத்துண்டு வா" என்றார்.

சுஹாஸ்தான் ஒயர் எல்லாம் மாட்டினான். நிஜக் கேசட்டை நான் போட்டேன். முழு வால்யூமில் வீணை அந்தக் கூடத்தை நிறைத்தபோது சார் ஸ்பீக்கருக்கு ஒரு சாண் தூரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். முதலில் அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. வாசித்தவர் கீழ்த் தந்திக்கு இறங்கியதும் சாரின் ஆள்காட்டி விரல் தரையில் ஒரு தட்டுத் தட்டியது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"கேக்கறது" என்றார். "மேல போனா காணாமப் போயிடறது. கீழ வந்தா இருக்கு. பாதி வீணை." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாதி போறும்மா. நான் ஒண்ணுமே இல்லேன்னு நினைச்சுண்டிருந்தேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன், இரண்டு நாளில் ஆறியிருக்கும். கிளம்பும்போது காலிக் கேசட்டை என் கையில் வைத்தார். "இந்த வாரம் உனக்கு இதுதான். ரெண்டு பக்கமும் கேட்டுட்டு வந்து சொல்லணும். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா, கோபமாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. வாங்கிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை கல்லூரியிலிருந்து வந்து கதவைச் சாத்திவிட்டு அதைப் போட்டேன். வெறும் இரைச்சல். வேறு வேலை பார்க்கவில்லை, அவர் உட்கார்ந்த மாதிரியே டேப்புக்கு முன்னால் உட்கார்ந்தேன். முதல் பக்கம் முடிந்தது, திருப்பிப் போட்டேன். அதில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும், அழித்தவளே நான்தான். தெரிந்தும் பி பக்கம் பாதியில் என் கை தானாக எழுந்து வால்யூமைக் கூட்டிற்று.

அது காலி என்று தெரியாமல் அவர் மூன்று தடவை கேட்டிருக்கிறார்.